லிம் சூ காங் பண்ணைப் பாதையில் ஒரு விபத்து: நிகழ்வு ஆய்வு

இது சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள லிம் சூ காங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் சவாரியில் நடந்ததைப் பற்றிய பதிவு. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, சந்தின் எண்ணையும் சொல்லவில்லை. அன்று இரண்டு வரிசையாகப் பிரிந்து ஓட்டினோம், நான் பின்வரிசையில் இருந்தேன். நான் நேரில் பார்க்காத பகுதிகளை முன்வரிசையில் இருந்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போன விவரங்களை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

பின்னணி

எங்களுடையது ஒரு சின்ன வாட்ஸ்அப் குழு. ஈசூன், உட்லண்ட்ஸ், சுவா சூ காங் வட்டாரங்களில் இருக்கும் தமிழர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு, வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. எல்லாரிடமும் மவுண்டன் பைக் இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு பழக்கம் கிடையாது. வழக்கமாக செஸ்நட் இயற்கைப் பூங்காவில் ஓட்டுவோம், எப்போதாவது படகேறி புலாவ் உபினில் உள்ள கேத்தாம் தடத்துக்குப் போவோம்.

அன்றைய யோசனை வேறு. பண்ணைகளையும் காட்டையும் ஒரே சுற்றில் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டார். அவரை இங்கே 'அமைப்பாளர்' என்று குறிப்பிடுகிறேன். அவர் திட்டப்படி, கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தொடங்கி, நீர்த்தேக்க அணையைத் தொட்டு, நியோ தியூ சாலை வழியாக லிம் சூ காங் பண்ணைச் சந்துகளுக்குள் போவோம். அங்கே இரண்டு சந்துகளுக்கு நடுவில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண்தடம் உண்டு. கைவிடப்பட்ட பண்ணை ஒன்றையும் அதை ஒட்டி வளர்ந்த காட்டையும் கடந்து போகும் தடம் அது. பிறகு சுவா சூ காங் பக்கமாகத் திரும்பிவிடலாம். மொத்தம் 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

அந்த மண்தடத்துக்காகத்தான் இந்தச் சுற்றே போடப்பட்டது. சிங்கப்பூரில் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கி, ஒரு பக்கம் வாழையும் மரவள்ளியும், இன்னொரு பக்கம் அல்பீசியா மரங்களுமாக ஓட்டிப் போக எத்தனை இடம் இருக்கிறது? அந்த ஆசையில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பாதை எப்படித் தேர்வானது

அமைப்பாளர் இணையத்திலிருந்து ஒரு ஜிபிஎஸ் கோப்பைப் பதிவிறக்கினார். யாரோ சில ஆண்டுகளுக்கு முன் ஓட்டிப் பதிவுசெய்த கோப்பு. வான்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தத் தடம் வெளிர்கோடாகத் தெரிந்தது. முன்பே பலர் போயிருக்கிறார்கள், படத்திலும் இருக்கிறது என்பதால் பாதை சரியானது என்று குழு ஏற்றுக்கொண்டது. யாரும் முன்கூட்டியே போய்ப் பார்க்கவில்லை.

வேறு ஊராக இருந்தால் இந்தக் கணக்கு ஓரளவு சரியாக இருந்திருக்கலாம். லிம் சூ காங்கில் சரிவராது. 2014ஆம் ஆண்டில் இங்குள்ள 62 பண்ணைகளின் குத்தகை தொடராது, அந்த நிலம் ராணுவப் பயிற்சிக்குப் போகும் என்று அறிவிப்பு வந்தது. அவகாசம் சிலமுறை நீட்டிக்கப்பட்டு, கடைசியில் 2021 வரை போனது. அதற்குள் 2020ஆம் ஆண்டில், ஏறக்குறைய 390 ஹெக்டர் நிலத்தை உயர்தொழில்நுட்ப வேளாண்மைக்காகத் திட்டமிடப் போவதாக இன்னொரு அறிவிப்பு. தெங்கா விமானத் தளத்தின் விரிவாக்கத்தால் இந்தப் பக்கத்துச் சாலைகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இங்கே ஒரு சந்துக்குள் நுழைந்தால் ஓடிக்கொண்டிருக்கும் மீன் பண்ணை, காலிசெய்யப்பட்ட அரசு நிலம், ராணுவ நிலம் மூன்றும் அடுத்தடுத்து வரலாம். எது எங்கே முடிகிறது என்பதைக் காட்ட வேலி மட்டும்தான் உண்டு, அந்த வேலியும் இடம் மாறும். சில ஆண்டுகளுக்கு முந்தைய கோப்பு, அன்று அங்கே போக முடிந்தது என்பதை மட்டும் சொல்லும்.

அன்று காலை

எட்டுப் பேர் வந்தோம். விடிந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம்.

சாலையில் குழுவாக ஓட்டுவதற்கு 2022 ஜனவரி 1 முதல் ஒரு வரம்பு இருக்கிறது. ஒற்றை வரிசையில் போனால் ஒரு குழுவில் அதிகபட்சம் ஐந்து சைக்கிள்கள். இரண்டு குழுக்களுக்கு நடுவே இரண்டு விளக்குக் கம்ப தூரம், அதாவது சுமார் 30 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்கள். நியோ தியூ சாலை போல ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள சாலைகளில் இணையாக ஓட்டவும் கூடாது. எனவே ஐந்து பேர் முன்வரிசை, மூன்று பேர் பின்வரிசை என்று பிரிந்தோம். முன்வரிசையில் அமைப்பாளரும் ஜிபிஎஸ்ஸும். பின்வரிசையில் தாதியாக வேலை பார்க்கும் ஒரு சகோதரி, அவருடைய முதலுதவிப் பை, நான், இன்னொருவர்.

விதிப்படி பிரிந்தது சரிதான், அது பாதுகாப்பும்கூட. ஆனால் பிரிந்த பிறகு இரண்டு வரிசைகளும் எங்கே சேர வேண்டும், எந்த முடிவைச் சேர்ந்து எடுக்க வேண்டும் என்று பேசிவைக்கவில்லை. சந்திப்புகளில் முன்வரிசை காத்திருக்கும் என்பது மட்டும் ஒரு வாய்ப்பேச்சு. சாலையில் அது போதுமானதாக இருந்தது. லாரிகள் குறைவான காலை. அணையின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பொங்கல் நேரத்தில் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) மாடுகள் இந்தப் பக்கத்துப் பண்ணையிலிருந்துதான் வருகின்றன என்று ஒருவர் சொல்ல, தமிழ்நாட்டிலிருந்து வந்த இருவருக்கும் அது புதுச்செய்தி.

சங்கிலியும் அறிவிப்புப் பலகையும்

மண்தடத்தின் வாயில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு சங்கிலி தொங்கியது. பக்கத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில் சைக்கிள் சக்கரத் தடங்கள் தெரிந்தன.

முன்வரிசை அங்கே நின்றது. பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒருவர், "அண்ணே, சங்கிலி போட்டிருக்காங்க. திரும்பிடலாம்" என்றார். "வண்டி உள்ள வராம இருக்கத்தான் போட்டிருப்பாங்க. சைக்கிள் தடம் இருக்கு பாருங்க" என்பது அமைப்பாளரின் பதில். மற்ற மூவரும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போனார்கள். நாங்கள் அங்கே வந்து சேர்ந்தபோது யாரையும் காணோம். 'உள்ளே போறோம், வாங்க' என்ற செய்தி மட்டும் கைப்பேசியில் இருந்தது. நாங்களும் நுழைந்தோம்.

முதல் அரைக் கிலோமீட்டர் நல்ல தடம். அதன்பின் இடப்பக்கம் புதிய கம்பிவேலி தொடங்கியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் தடம் அந்த வேலியிலேயே முட்டி நின்றது. வேலியில் சிவப்பு வெள்ளைப் பலகை, நான்கு மொழிகளில் எச்சரிக்கை, தமிழிலும். முன்வரிசை உடனே திரும்பியது. வேலியோரமாகச் சுற்றிப்போக வழி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டதற்கு அமைப்பாளர் மறுத்துவிட்டார். அந்த முடிவு மிகச் சரி. ராணுவ நிலத்தில் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பது ஒரு பக்கம், துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி நடக்கும் இடம் எது என்பது வெளியாளுக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

விழுந்த விதம்

திரும்பும் வழியில், இடிந்த கொட்டகை ஒன்றிலிருந்து ஐந்தாறு நாய்கள் வெளியே வந்து குரைத்தன. உள்ளே குட்டிகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. முன்னால் வந்த இருவரும் வேகத்தைக் குறைத்து மெதுவாகக் கடந்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் முப்பது வயதைத் தாண்டியவர், தஞ்சைப் பக்கத்துக்காரர், வெல்டிங் மேற்பார்வையாளர். அவர் முழு வேகத்தில் மிதித்தார். நாய்கள் விரட்டின. அந்த இடத்தில் பண்ணைக் காலத்து சிமென்ட் வடிகால் (லோங்காங்) ஒன்று தடத்தின் ஒரு பக்கத்தைக் குறுக்காக வெட்டிப் போகிறது. லாலாங் புல் மூடியிருந்ததால் லோங்காங் இருப்பதே தெரியாது. போகும்போது இடப்பக்கமாக ஓட்டியதால் யாரும் அதில் இறங்கவில்லை. இவர் நாய்களைத் தவிர்க்க இடப்பக்கம் ஒதுங்கினார். முன்சக்கரம் வடிகாலில் இறங்க, ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்பட்டு வலது தோள் தரையில் மோத விழுந்தார்.

பின்னர் அவரிடம் கேட்டபோது, "நாய் கடிச்சா ஊசி போடணுமே, அதான் பயந்து ஓடினேன்" என்றார். ஊரில் வெறிநாய்க்கடியால் செத்தவர்களைக் கேள்விப்பட்டு வளர்ந்தவருக்கு அந்தப் பயம் நியாயமானது. சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. எங்களில் யாரும் சொன்னதும் இல்லை. நாய் கடித்தால் இங்கேயும் புண்ணைக் கழுவி மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் அவர் தப்பிக்க முயன்ற ஆபத்தைவிட, தப்பிக்க எடுத்த வேகம் அவருக்குப் பெரிய ஆபத்தாகிவிட்டது. இந்த விபத்தின் காரணங்களில் நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். ஒரு குழுவில் நாயைப் பார்த்தால் ஒவ்வொருவரும் தாம் வளர்ந்த ஊரின் அனுபவத்தோடுதான் பார்க்கிறார்கள். முன்பே பேசாவிட்டால் அது வெளியே தெரியாது.

அடுத்து எடுத்த முடிவுகள்

அமைப்பாளரும் ஆசிரியரும் சைக்கிளிலிருந்து இறங்கி, சைக்கிள்களை நாய்களுக்கும் விழுந்தவருக்கும் நடுவில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கத்தவில்லை, கல்லெடுக்கவில்லை. யாரும் ஓடவில்லை என்றதும் நாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கின.

சில நிமிடங்களில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். எழப் பார்த்தவரைத் தாதிச் சகோதரி உட்கார வைத்தார். நினைவு தெளிவாக இருக்கிறதா, கழுத்து வலிக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, வலக்கை விரல்களை அசைக்க முடிகிறதா, தொட்டால் உணர்வு தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். காறையெலும்பின் நடுவில் தோலுக்கடியில் மேடு தள்ளியிருந்தது. தோல் கிழியவில்லை. தலைக்கவசத்தின் ஓரத்தில் ஒரு உராய்வு. முக்கோணத் துணியால் கையை மார்போடு சேர்த்துத் தூக்குக்கட்டு போட்டார்.

அங்கேயே வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா, நடத்திக்கொண்டு சந்துக்குப் போவதா? இதற்குத்தான் நேரம் எடுத்தது. இருக்கும் இடத்துக்கு முகவரி கிடையாது. சங்கிலியைத் தாண்டி ஆம்புலன்ஸ் வராது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு சிக்கல், அமைப்பாளரின் கைப்பேசி மலேசியாவின் ஜொகூர் பக்கத்துத் தொலைபேசி நிறுவனத்தின் அலைக்கு மாறியிருந்தது. நீரிணையை ஒட்டிய இந்தப் பகுதியில் இது அடிக்கடி நடப்பதுதான். அவசர நேரத்தில் அது எந்த நாட்டு இணைப்புக்குப் போகும் என்று பரிசோதிக்க யாருக்கும் மனமில்லை.

"கழுத்து வலி இருந்திருந்தா நான் இவரை ஒரு அடிகூட நகர்த்த விட்டிருக்க மாட்டேன்" என்றார் சகோதரி. வலி இல்லை, கால்கள் நன்றாக இருந்தன, பேச்சு தெளிவாக இருந்தது. எனவே நடத்திப் போவது என்று முடிவானது. அதே நேரத்தில் வேகமாக ஓட்டக்கூடிய ஒருவரைச் சந்துக்கு முன்கூட்டியே அனுப்பினோம். அவர் கைப்பேசியில் சிங்கப்பூர் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்தார். சந்தின் பெயர், பக்கத்து விளக்குக் கம்பத்தில் இருந்த எண், எதிரே இருந்த பண்ணைப் பலகையின் பெயர் மூன்றையும் சொன்னார். அந்த எண் இல்லையென்றால் நீளமான ஒரு பண்ணைச் சந்தில் எங்கே நிற்கிறோம் என்று விளக்குவது மிகவும் கடினமாகியிருக்கும்.

உடைந்த எலும்புக்கு 995 தேவையா என்ற கேள்வியும் பின்னால் வந்தது. அவசரமில்லாத ஆம்புலன்ஸுக்கு 1777 இருக்கிறது என்பதை ஆசிரியர் நினைவூட்டினார். ஆனால் தலைக்கவசம் தரையில் உரசியிருந்தது. நடந்து வரும்போது அவருக்குத் தலை சுற்றியது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் 995ஐ அழைத்தது பொருத்தமே என்று சகோதரி சொன்னார். நானும் ஒத்துக்கொள்கிறேன்.

சந்தில் காத்திருந்தபோது பக்கத்து மீன் பண்ணையின் முதலாளி, வயதான சீனர், நிழலில் நாற்காலி போட்டுத் தண்ணீரும் கொடுத்தார். மலாயும் கொஞ்சம் ஆங்கிலமுமாகப் பேசினோம். அந்த நிலத்தில் பண்ணை போய்ப் பல காலம் ஆகிறது என்றார். வார இறுதிகளில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சைக்கிள்காரர்கள் வருவதும், வேலியில் முட்டித் திரும்புவதும் அவருக்குப் பழகிப்போன காட்சி. சங்கிலியோரச் சக்கரத் தடங்கள் அவர்களுடையவைதான். உள்ளே போக வழி இருக்கிறது என்பதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட அத்தாட்சி, எங்களைப் போலவே ஏமாந்து திரும்பியவர்களின் தடம். அந்தப் பெரியவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த வாரங்கள்

எக்ஸ்ரேயில் காறையெலும்பின் நடுப்பகுதி உடைந்திருப்பது தெரிந்தது. தலையில் பாதிப்பு இல்லை. முனைகள் அதிகம் விலகாததால் அறுவை சிகிச்சை வேண்டாம், தூக்குக்கட்டும் ஓய்வும் போதும் என்றார்கள். அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார். கனமான எதையும் தூக்கக்கூடாது என்பதால் வேலையிடத்தில் அவருக்குச் சில வாரங்கள் எழுத்துவேலை கொடுத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது.

செலவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது பலருக்கும் தெரியாது. எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் ஆகிய வேலை அனுமதிகளில் உள்ள வெளிநாட்டவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கும் உரியது. இவர் தங்கவில்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. வேலை நேரத்தில் நடந்த காயமும் அல்ல. அதனால் கட்டணம் அவர் கையிலிருந்து போனது. குழுவாகப் பகிர்ந்துகொண்டோம். அவர் முதலில் மறுத்தார், அப்புறம் ஏற்றுக்கொண்டார்.

சைக்கிளையும் விட்டுவிட முடியாது. மடிக்கும் சைக்கிளை மட்டும்தான் எம்ஆர்டியிலும் பேருந்திலும் ஏற்றலாம். மீன் பண்ணைப் பெரியவர் அதைத் தன் கொட்டகையில் வைத்திருந்தார். மறுவாரம் ஒரு நண்பர் வேன் கொண்டுபோய் எடுத்துவந்தார்.

என்ன மாற்றினோம்

சுவா சூ காங்கில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, காலை முதல் நடந்ததை வரிசையாகப் பேசினோம். அமைப்பாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நோக்கமாக இருக்கவில்லை, அவரும் எதையும் மறைக்கவில்லை.

சங்கிலியைப் பற்றிய வாதம் நீண்டது. சங்கிலி என்றால் மறுப்பு என்றார் ஆசிரியர். பலகை இல்லாத சங்கிலியை அப்படிப் படிக்க முடியாது என்றார் அமைப்பாளர். கடைசியில் இதைப் படித்துப் பார்த்து முடிவெடுக்கும் விஷயமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தீர்மானித்தோம். சங்கிலி, கதவு, பலகை, கயிறு எது இருந்தாலும் அங்கே சவாரி திரும்பும். ஒருவர் தயங்கினாலும் திரும்பும். அன்று ஆசிரியர் சொன்னதற்கு மற்ற மூவரும் வாயே திறக்காததுதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு பேர் சேர்ந்து சொல்லியிருந்தால் அமைப்பாளர் கேட்டிருப்பார்.

தார்ச்சாலையை விட்டு இறங்கும் எந்தத் தடமாக இருந்தாலும், சவாரிக்கு முந்தைய வாரங்களில் இருவர் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பண்ணை ஓடிக்கொண்டிருந்தால் அங்கே உள்ளவரிடம் கேட்க வேண்டும். சாலையில் இரண்டு வரிசையாகப் போனாலும், தார் முடியும் இடத்தில் எட்டுப் பேரும் ஒன்றுசேராமல் யாரும் இறங்கக்கூடாது. முதலுதவிப் பை இரண்டு வரிசையிலும் இருக்கும். கிராஞ்சியிலேயே எல்லாரும் கைப்பேசியில் சிங்கப்பூர் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிடுகிறோம்.

பாதை வரைபடத்தில் இப்போது வெளியேறும் இடங்களையும் குறிக்கிறோம். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஆம்புலன்ஸ் வரக்கூடிய இடம் எது, அங்கிருக்கும் விளக்குக் கம்ப எண் அல்லது பேருந்து நிறுத்தத்தின் ஐந்திலக்க எண் என்ன என்பது அதில் இருக்கும். ஒரு பகுதிக்கு அப்படி ஒரு இடத்தைச் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லா மாற்றங்களையும்விட இதுதான் முக்கியம். பாதையின் நீளமும் ஏற்ற இறக்கமும் ஓட்டுபவரின் தெம்புக்கு ஏற்றபடி அமையலாம். அடிபட்ட ஒருவரை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதற்குத் தெம்பு உதவாது.

நாய்களைப் பற்றிப் புறப்படும் முன் இப்போது பேசிக்கொள்கிறோம். வேகத்தைக் குறை, தேவைப்பட்டால் இறங்கு, சைக்கிளை நடுவில் பிடி, முறைத்துப் பார்க்காதே, ஓடாதே. வெறிநாய்க்கடி பற்றிய விவரத்தையும் புதியவர்களிடம் சொல்லிவிடுகிறோம்.

சுற்றும் மாறியது. பண்ணைப் பகுதியைத் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொண்டு, காட்டுக்குச் செஸ்நட்டுக்குப் போகிறோம். 81 ஹெக்டர் பூங்கா, மவுண்டன் பைக்குக்கென்றே 8 கிலோமீட்டருக்கு மேல் தடம், நடப்பவர்களுக்குத் தனி வழி. பக்கத்து இயற்கைக் காப்பகத்தின் நடைபாதைகளில் சைக்கிள் ஓட்டக்கூடாது என்பதால், அந்தக் காட்டின் ஓரத்தில் நமக்கென்று ஒதுக்கிய தடம் அது. அடிபட்டவர் திரும்பி வந்த முதல் சவாரியும் அங்கேதான், எளிதான தடத்தில்.

எல்லாருக்கும் இதில் திருப்தி இல்லை. சாலை நீளம் கூடிவிட்டது, லாரிகளோடு ஓட்ட வேண்டியிருக்கிறது, பண்ணைக்குள் புகுந்து போகும் சுகம் போய்விட்டது என்று இருவர் சொன்னார்கள். அது உண்மையான இழப்பு. லிம் சூ காங்கின் பழைய மண்வழிகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதில் எனக்கும் வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தை வைத்து மூடிய வழியைத் திறந்ததாக எண்ணிக்கொள்ள முடியாது.

இன்னும் முடியாத ஒரு வேலை

கொட்டகை நாய்களைப் பற்றி, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து கண்காணிக்கும் திட்டத்தில் உதவும் ஒரு தொண்டூழியரிடம் தெரிவித்தோம். அவர் அந்த நாய்களை ஏற்கெனவே அறிவார்.

அந்த ஜிபிஎஸ் கோப்பு மட்டும் இன்னும் இணையத்தில் இருக்கிறது. அதைப் பதிவேற்றியவருக்கு எழுதினோம். இந்தப் பதிவை எழுதும் வரை பதில் இல்லை. கோப்பின் கீழே, தடம் வேலியில் முடிகிறது, அதற்கு அப்பால் ராணுவ நிலம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு குறிப்பு போட்டிருக்கிறோம். லிம் சூ காங் சந்துகளை இணைக்கும் மண்தடம் உள்ள கோப்பு உங்களிடம் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே அதை யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.